பூலோகா டாக்கீஸில் பிரசவ வரிசை

மணி அடித்துவிட்டார்கள், இனித் திரை ஏறும். பூலோகா டாக்கீஸில் திரை ஏறுவதற்கென்று ஒரு தோரணை உண்டு. வேறு கொட்டகைகளைப் போல வெடுக்கென்று இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட மாட்டார்கள். முதலில் கிளாரினெட் ரெக்கார்டு. அப்புறம் வெல்வெட்டின் அடி விளிம்பில் சிவப்பு பல்பும் பச்சை பல்பும் மாறி மாறி எரியும். அதற்கப்புறம்தான் மடிப்பு மடிப்பாக, அவசரமே இல்லாமல், கல்யாணப் பெண் மணவறைக்கு நடக்கிற நிதானத்தில் மேலே போகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு வயிற்றுக்குள் ஒரு குளுகுளுப்பு வரும். இன்றைக்கு வரவில்லை. இன்றைக்கு வயிற்றில் இருப்பது வேறு. குறுக்கே கிடக்கு என்றாள் அந்த நர்ஸம்மா. "புள்ள குறுக்கே கிடக்கு பெரியவரே, பெரிய டாக்டரம்மா வந்து பாத்துட்டு ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு சொல்வாங்க" என்று, பஸ் கொஞ்சம் லேட்டு என்று சொல்வதைப் போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். குறுக்கே என்றால் எப்படிக் குறுக்கே? கீழமாசி வீதியில் வெங்காய லாரி குறுக்கே நின்றால் என் டவுன் பஸ் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நிற்குமே, அப்படியா? லாரி என்றால் இறங்கிப் போய் நாலு வார்த்தை கத்தலாம். சோணைமுத்து கண்டக்டர் கத்தினால் மதுரையில் நகராத லாரி கிடையாது. என் மகள் தேன்மொழியின் வயிற்றுக்குள் கிடப்பதை யார் போய்க் கத்தி நகர்த்துவது? நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்ததில் என் வீட்டுக்காரி பேச்சிக்கு எரிச்சல் வந்துவிட்டது. "இங்க நின்னு வாசப்படியத் தேய்க்காதீக. நீங்க முழிக்கிற முழியப் பாத்தா தேனுக்கு வர்ற வலியும் நின்னுரும். பூலோகாவுல போய் உக்காருங்க, எல்லா ஆம்பளையும் அங்கதான உக்காருறாக" என்று பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளை பட்டாளத்தில், எங்கேயோ பனிமலையில் நிற்கிறார். அவர் உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வரிசைக்குப் பெயரே பிரசவ வரிசை. பக்கக் கதவை ஒட்டிக் கடைசி வரிசை. இங்கே உட்காருகிறவனுக்கு டிக்கெட் கிடையாது. கொட்டகைக்குப் பின்சுவரில் ஒரு பொடிவாசல் இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் பிரசவ ஆஸ்பத்திரி. கதவுக்காரர் பெயரை மட்டும் கேட்பார். கேட்டுக்கொண்டு போய் மாடியில் ஆபரேட்டர் நாகூர்கனியிடம் சொல்லிவிடுவார். நாகூர்கனி ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி வைத்திருப்பார். பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரி ஆயா பொடிவாசல் வழியாக ஓடி வந்து மாடிப்படிக்குக் கீழே நின்று சொல்லுவாள், அவர் ஊசியால் கீறி எழுதி விளக்குக்கு முன்னால் செருகுவார். படத்துக்கு மேலே, நாயகன் மூஞ்சியோ நாயகி மூஞ்சியோ, எது இருந்தாலும் அதற்கு மேலே வெள்ளை எழுத்தில் விழும். இன்னாருக்கு ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். உடனே கொட்டகை முழுக்கக் கை தட்டும். வில்லனை நாயகன் அடித்துக்கொண்டிருந்தாலும் அந்தக் கைதட்டல் பிள்ளைக்குத்தான். இந்த ஊரில் இந்தக் கைதட்டலுக்குப் பிறந்தவர்கள் எத்தனை பேர், வியாபாரி, வக்கீல், ரவுடி, என் டிரைவர் பால்பாண்டி உள்பட. ஆனால் இன்னொரு சிலேடும் உண்டு. அதில் பெயர் மட்டும் இருக்கும், உடனே வெளியே வரவும் என்று இருக்கும், அவ்வளவுதான். அது விழுந்தால் படத்தை நிறுத்திவிடுவார்கள். விளக்கைப் போடுவார்கள். யாரும் விசிலடிக்க மாட்டார்கள். கொட்டகையே எழுந்து நிற்கும், பெயருக்கு உரியவன் வெளியே போகும்வரை நிற்கும். சீட்டைக் கிழிக்கிறவன், திரையில் சில்லறை வீசுகிறவன், பீடியை அணைக்காதவன், எல்லாரும் நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன். போகிறவனின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பேச்சிக்கு இந்த இரண்டாவது சிலேடு பற்றித் தெரியாது. அவள் உசிலம்பட்டிக்காரி, படம் என்றாலே தலைவலி, கல்யாணமான புதுசில் ஒரே ஒரு தடவை வந்து பாதியில் தூங்கிவிட்டாள். கை தட்டுவார்கள் என்பது மட்டும் தெரியும். அதுவும் அவளுக்குப் பிடிக்காது. "கண்ணுமுழிக்காத பச்சப்புள்ளய அம்புட்டுச் சனமும் ஒரே நேரத்துல நெனச்சா என்னத்துக்கு ஆகும்" என்பாள். தேன்மொழிக்கு எத்தனை மாசம் என்று பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. மகள் வயிறு முட்ட நிற்கிறாள், பால்காரரிடம் இவள் அஜீரணம் என்று சொல்லியிருக்கிறாள். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

படம் ஓடுகிறது. ஒரு கோர்ட் சீன். அம்மா கூண்டில் நிற்கிறாள், மகன் ஜட்ஜ், அவனுக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரிகிறது, அவனுக்கு மட்டும் தெரியாது. குறுக்கே கிடக்கு. சரி, வேறு எதையாவது நினை. தூணைப் பார். இந்த இரும்புத் தூண் இருக்கிறதே, இதற்குப் பின்னால் உட்கார்ந்தால் கோர்ட்டும் தெரியாது கூண்டும் தெரியாது, ஆனால் சாய்ந்துகொள்ளலாம், அதற்காகவே தூணடி சீட்டுக்குச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூலோக விலாஸ் நாடகக் கொட்டகை என்று பெயர் வைத்து ஒரு பருத்தி மண்டி முதலாளி கட்டியபோது நட்ட தூண். மேலே தகரம், கீழே ஆற்று மணல். மழை வந்தால் தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் நாடகக்காரன் பாட்டு கேட்காது, அதனால் நாடகத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் மழையைக் கேட்பார்களாம். பேசும் படம் வந்த பிறகும் அதே பழக்கம். மழைக்குப் படத்தை நிறுத்துகிற டாக்கீஸ் நான் அறிய இது ஒன்றுதான். ஏசி வைத்து, குஷன் போட்டு எத்தனையோ தியேட்டர்கள் வந்துவிட்டன, வீட்டில் டி.வி.யும் வந்துவிட்டது, வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து விடிய விடியப் பார்க்கிறார்கள். இருக்கட்டும். மழைக்கு நிற்குமா அது? திரைக்குப் பின்னால் இன்னும் அந்தப் பழைய நாடக மேடை இருக்கிறது. அந்தக் காலத்தில் நடிக்கிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவார்களாம். அந்த மேடையிலிருந்து சாவைச் சொல்லக் கூடாது என்பது நாடகக்காரர்கள் வைத்த கட்டுப்பாடு. வேஷம் கட்டிச் சாகலாம், எத்தனை பேர் வேண்டுமானாலும் சாகலாம். நிஜச் சாவைச் சொல்லக் கூடாது. அந்தக் கட்டுப்பாடுதான் இன்றைக்கும் பெயர் மட்டும் போடுகிற சிலேடாக நிற்கிறது. முதல் முதலில் அப்படிப் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டது தன்னைத்தான் என்று என் அப்பா சொல்வார். நாகூர்கனி அதற்கு முன்னாலேயே நடந்திருக்கிறது என்பார். அவர் அப்போது பிறக்கவே இல்லை, ஆனாலும் சாதிப்பார்.

அப்பா பெயர் சோலையப்பன், ஜட்கா வண்டிக்காரர். இந்தக் கொட்டகைக்குத்தான் வண்டி ஓட்டினார். வண்டியின் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, உள்ளே தப்படிக்கிற ஆளை உட்காரவைத்து, தெருத்தெருவாக நோட்டீஸ் வீசிக்கொண்டு போவது. அன்றைக்கு ஊமைப் படம். திரைக்குப் பக்கத்தில் கந்தப்ப வாத்தியார் நின்று கதை சொல்வார். நாடகத்தில் ராஜபார்ட் போட்டவர், குரல் வைகைக்கு அக்கரையில் கேட்கும். ஊமைப் படத்தில் அழுகிறவளுக்கும் அவரே அழுவார், குதிரை ஓடினால் நாக்கால் அவரே குளம்படி போடுவார். அப்பா தரையில் மணலைக் குவித்து மேடு பண்ணி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குள்ளே என் அம்மா, கொட்டகையில் அப்பா, நடுவே அந்தப் பொடிவாசல். யாரோ வந்து வாத்தியார் காதில் சொன்னார்கள். வாத்தியார் கதையை நிறுத்தினார். திரையில் குதிரை சத்தமில்லாமல் ஓடுகிறது. பிள்ளை பிறந்தது, தாய் போய்விட்டாள். இரண்டும் ஒரே செய்தி. முதல் பாதியைச் சொல்லலாம், இரண்டாம் பாதியை அந்த மேடையில் சொல்லக் கூடாது, முதல் பாதியை மட்டும் சொன்னால் பொய். ஊரெல்லாம் கேட்கிற குரலுக்கு அன்றைக்குச் சத்தம் வரவில்லை. "சோலையப்பா, வெளிய வாப்பா" என்று மட்டும் சொன்னாராம். அந்தச் சொல்லில் எல்லாம் தெரிந்துவிட்டது என்பார் அப்பா. இன்னும் பெயர் வைக்காத ஒரு குழந்தை உயிரோடு இருக்கிறது என்பதுகூடத் தெரிந்துவிட்டதாம். அது எப்படித் தெரியும், பிற்பாடு சேர்த்துக்கொண்டிருப்பார். ஆக எனக்கு யாரும் கை தட்டவில்லை. அதை நான் வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், டிப்போவில் எல்லாருக்கும் தெரியும், "எனக்கு ஊரு ஒரு கைதட்டு பாக்கி வச்சிருக்கு" என்று. சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனால் கை தட்டாத ஊர் பால் கொடுத்தது. அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். வீட்டில் பொம்பளை துணை இல்லை, அப்பா என்னைத் துணியில் சுருட்டி வண்டியிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். கொட்டகையில் பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே அப்போது ஆள் உயரச் சுவர். பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்தது மாடத்தியம்மா என்ற ஒரு முரட்டுப் பொம்பளை. அப்பா என்னை அந்தச் சுவருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் மாடத்தியம்மா வாங்கிக்கொள்வாளாம். வாங்கி, இருட்டில் வரிசைக்கு வரிசை நடந்து, "தாயில்லாப் புள்ளத்தா, பாலிருக்கவ குடுங்கத்தா" என்பாளாம். கைப்பிள்ளைக்காரிகள் இல்லாத படம் ஏது? ஒருத்தி தன் பிள்ளையை ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே கொடுத்திருப்பாள். சாதி கேட்டாளா, குலம் கேட்டாளா? இருட்டு. படம் முடிந்ததும் சுவருக்கு மேலே மறுபடி இந்தப் பக்கம் வருவேன், வாயில் நுரையோடு. கொடுத்தவளுக்கும் என் முகம் தெரியாது, எனக்கும் அவள் முகம் தெரியாது. அதனால்தான் பஸ்ஸில் ஒரு கிழவியிடமும் நான் சுள்ளென்று விழுவதில்லை. மூட்டையோடு ஏறினாலும், ஓடுகிற வண்டியில் வெற்றிலையைத் துப்பினாலும், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டு என்னையே திட்டினாலும், இவள் பாலாக இருந்தால் என்ன செய்வது என்று "மெதுவா எறங்குத்தா" என்றுதான் வாயில் வருகிறது. பால்பாண்டி இதற்காகவே என்னை ஆத்தா கண்டக்டர் என்பான்.

பக்கத்தில் ஒரு தம்பி நகத்தைக் கடிக்கிறான். செல்லூர், பெயர் ஜெயவேலு, கைத்தறிக் கூட்டத்துப் பிள்ளை, முதல் பிரசவம். உட்கார்ந்ததிலிருந்து செருப்பைக் கழற்றுகிறான், மாட்டுகிறான். "அண்ணே, எழுத்து விழுந்தா நமக்குத் தெரியுமாண்ணே, வேகமா எடுத்துருவாகளா?" என்று கேட்டான். "நீ கண்ண மூடிக்கிட்டாக்கூட பக்கத்துல உள்ளவன் சொல்லிருவான்யா" என்றேன். அவனுக்குத் தைரியம் சொல்கிற மாதிரி எனக்குச் சொல்லிக்கொண்டேன். "உங்களுக்கு யாருண்ணே?" "மக." "தலைப்பிரசவமா?" ஆமாம் என்று தலையாட்டினேன், குறுக்கே என்ற வார்த்தை வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன். முதல் தடவை வந்திருக்கிறவனிடம் போய் அதையா சொல்வது? ஜட்ஜ் சுத்தியலால் தட்டுகிறார். அப்போது அவர் நெற்றியில் எழுத்து விழுந்தது. எனக்கு எழுத்து தெரியவில்லை, வெள்ளையாக ஏதோ. செல்லூர் ஜெயவேலுவுக்கு ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம். கொட்டகை தட்டியது பாருங்கள், தகரம் அதிர்ந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குலவை. தம்பி எழுந்தான், உட்கார்ந்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு "அண்ணே அண்ணே" என்றான், கதவை இடித்துக்கொண்டு ஓடினான். செருப்பை விட்டுவிட்டான். ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் கிடக்கிறது. கவிழ்ந்ததைக் காலால் புரட்டி நேராக்கி வைத்தேன். இரண்டும் நேராக இருக்கட்டும். ஒன்றும் குறுக்கே கிடக்க வேண்டாம்.

தேன்மொழி பிறந்தபோது நான் இங்கே உட்காரவில்லை. பேச்சி உசிலம்பட்டியில் அவள் அம்மா வீட்டில் பெற்றாள், எனக்கு டிரிப் முடிந்து டிப்போவில் சொன்னார்கள். என் மகளுக்கும் கைதட்டல் கிடையாது. சின்ன வயதில் அவளை என் பஸ்ஸிலேயே ஏற்றி வைத்துக்கொண்டு சுற்றுவேன். விசிலை வாங்கிக்கொண்டு கொடுக்க மாட்டாள், நடு ரோட்டில் ஊதி வண்டியை நிறுத்திவிடுவாள். பூலோகா ஸ்டாப் வந்தால் நான் சொல்வதற்கு முன்னால் அவள் கத்துவாள், "பூலோகம் எறங்குங்க, பூலோகம் எறங்குங்க" என்று. ஜனம் சிரிக்கும். பூலோகத்தில் இறங்கு என்று இப்போது அந்தப் பிள்ளைக்கு யார் சொல்வது? காலையில் வலி வந்தபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "அப்பா, எங்கிட்டும் போயிராத" என்றாள். நான் போய்விட்டேன், கொட்டகையில் உட்கார்ந்து கோர்ட் சீன் பார்க்கிறேன். என் அம்மா யாரைப் பிடித்துக்கொண்டாள்? அவள் முகம் எனக்குக் கிடையாது, படமும் கிடையாது. ஆகவே நான் அவளை நினைக்கும்போதெல்லாம் தேன்மொழி முகம்தான் வரும். எப்போதும் அது எனக்கு ஒரு ஆறுதல். இன்றைக்கு அந்த முகத்தைத் துரத்த வேண்டியிருக்கிறது. போ தாயி, நீ வேறு, அவள் வேறு. என் பையில் விசில் இருக்கிறது, லீவு நாளிலும் எடுத்து வந்துவிட்டேன், அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

கரண்டு போய்விட்டது. அம்மா வாயைத் திறந்தபடி கூண்டோடு மறைந்துவிட்டாள். மின்விசிறி ஒவ்வொன்றாக மூச்சு விட்டு நின்றது. ஒரே புழுக்கம். வேறு தியேட்டராக இருந்தால் இந்நேரம் ஊளையும் விசிலும் பறக்கும், சீட்டில் உதைப்பார்கள். இங்கே யாரும் பேசவில்லை, எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதோ. பின்பக்கம் ஆயில் இஞ்சின் கட்டக் கட்டக்கென்று எழுந்துவிட்டது. இஞ்சின் ஓடுகிறது, திரையில் வெளிச்சம் வரவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போகுது" என்றார் எனக்கு முன்வரிசையில் ஒருவர், பக்கத்து சீட்டுக்காரருக்கோ யாருக்கோ. "யாரு புள்ளயோ, நல்லபடியா வரட்டும்." யாரோ படத்து நோட்டீஸை எடுத்து விசிறிக்கொள்கிற சத்தம். இதுதான் பூலோகா. அந்த முதலாளி காலத்திலேயே சுவருக்கு மேலே ஒரு வயரை இழுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அறுவை நடக்கும்போது ஊரில் கரண்டு போனால் கொட்டகை இஞ்சின் அங்கேதான் வேலை செய்யும், இங்கே படம் இருட்டில் நிற்கும். யுத்தம் வந்த காலத்தில், விளக்கே எரியக் கூடாது என்று ஊரடங்கிக் கிடந்தபோதும் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி ஆஸ்பத்திரியின் அந்த ஒரு விளக்குக்கு இஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள். முதலாளிகள் மாறினார்கள், பெயர் மாறியது, மணல் போய் பெஞ்சு வந்தது, பெஞ்சு போய் சேர் வந்தது. வயரை ஒருவரும் கழற்றவில்லை. படம் பார்க்க வந்த சனம் ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியானால் அங்கே இப்போது அறுவை. காலையிலிருந்து அறுவை என்று பேச்சு வந்தது இரண்டு பேருக்குத்தான் என்று நான் வராந்தாவில் நின்றபோதே ஆயா சொன்னாள், ஒருத்தியை முன்னமே முடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்படியானால் இது தேன்மொழி. இந்த இஞ்சின் தேன்மொழிக்கு ஓடுகிறது. இத்தனை பேரும் வேர்த்து ஒழுக இருட்டில் உட்கார்ந்திருப்பது என் மகளுக்காக. அவர்களுக்குத் தெரியாது. எழுந்து எல்லார் காலிலும் விழலாம் போல இருக்கிறது. கட்டக் கட்டக். நிற்காதே. கட்டக் கட்டக். மூச்சுத் திணறுகிற மாதிரி நடுவில் ஒரு இழுப்பு இழுக்கிறது, அப்போது என் மூச்சும் இழுக்கிறது. மாடத்தியம்மா கை எனக்கு ஞாபகம் இருக்க முடியாது, ஆனாலும் இந்த இருட்டில் யாரோ என்னைத் தூக்கிக் கைக்குக் கை மாற்றுகிற மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் இருக்கிறவளே, யாராயிருந்தாலும், என் பிள்ளையை வாங்கிக்கொள். கீழே போட்டுவிடாதே.

விசிறி சுற்றுகிறது. வெளிச்சம். ஊர்க் கரண்டு வந்துவிட்டது, இஞ்சின் ஓய்ந்துவிட்டது. ஓய்ந்தது கரண்டு வந்ததாலா, அங்கே முடிந்துவிட்டதாலா? முடிந்துவிட்டது என்றால் எப்படி முடிந்தது? அம்மா கூண்டில் வாயைத் திறந்த இடத்திலிருந்து பேசுகிறாள், "நீதிபதி அவர்களே" என்கிறாள் பெற்ற மகனை. எல்லாரும் அழத் தயாராகிவிட்டார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, மாடியில் அந்தச் சின்னச் சதுர ஓட்டையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வெளிச்சம் வருகிற ஓட்டை. அதில் ஒரு நிழல் அசைந்தது. நாகூர்கனியின் கை. திரைப் பக்கம் திரும்பு. திரும்ப முடியவில்லை. முன்வரிசைக்காரர் "ச்சோ" என்றார். எதற்கு ச்சோ? படத்துக்காக இருக்கும். படம் நின்றுவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டார்கள். திரும்பினேன். சோணைமுத்து அவர்கள் உடனே வெளியே வரவும்.

சோணைமுத்து. அவர்கள். பார், மரியாதையெல்லாம் போட்டிருக்கிறார் நாகூர்கனி, ணை கோணலாக விழுந்திருக்கிறது. பிள்ளை இல்லை, தாய் இல்லை, சேய் இல்லை, நலம் இல்லை. பெயர் மட்டும். எழுந்துவிட்டேன் போலிருக்கிறது, நிற்கிறேன். கொட்டகையும் எழுகிறது. சேர்கள் ஒவ்வொன்றாக மடங்குகிற சத்தம், முன்னாலிருந்து பின்னாலே, மழை வருகிற மாதிரி வருகிறது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள், நான் இத்தனை வருஷம் பார்த்த அதே தரை. கதவு பக்கத்தில்தான். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற கதவுக்குப் போக முடியவில்லை. ஜெயவேலுவின் செருப்பில் கால் தடுக்கியது. முன்வரிசைக்காரர் குனிந்த தலையோடு என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டார், விட்டார். அப்பா மணலில் நடந்திருப்பார். மணலில் நடந்தால் கால் புதையும். எனக்கு சிமெண்டிலேயே புதைகிறது. தாயா சேயா? இரண்டில் ஒன்றா, இரண்டுமா? கேட்கவே வேண்டாம், இப்படியே நடந்துகொண்டிருக்கலாம், கதவு வராமலே இருக்கலாம். தேனு, எங்கிட்டும் போயிராத. நான்தானே போனேன். கதவுக்காரர் வாசல் திரைச்சீலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, அவரும் தரையைப் பார்க்கிறார்.

வாசலில் பேச்சி நிற்கிறாள். ஆயா வரவில்லை, இவளே வந்துவிட்டாள். முடி அவிழ்ந்து, முந்தானை ஈரமாக. அழுதிருக்கிறாள். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொல்கிறாள்: "பொம்பளப் புள்ள. தேனு கண்ணு முழிச்சிருச்சு. அப்பா எங்கனுதான் மொதக் கேட்டுச்சு." என்ன? "ரெண்டு பேரும் நல்லாருக்காகங்க. ஏன் இப்புடி நடுங்குறீக?" தூணைப் பிடித்துக்கொண்டேன். "அப்புறம் எதுக்குடி பேர மட்டும் போட்ட?" என்று எனக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள். "நாந்தான் ஆயாவ வேணாமுன்னுட்டு வந்து சொன்னேன். புள்ள கிள்ளனு எழுதிராதீக, அவுக பேர மட்டும் போட்டு வெளிய கூப்பிடுங்கனு. அம்புட்டுச் சனமும் கை தட்டுனா கண்ணு பட்டுராதா? அந்த ஆபரேட்டரு நல்ல மனுசருங்க, ஒரு கேள்வி கேக்கல. என்னயப் பாத்தாரு, கண்ணு கலங்கிருச்சு அவருக்கு. எதுக்குனு தெரியல." அடிப்பாவி. அடி என் பாவி மகளே. எனக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா தெரியவில்லை, ஏதோ ஒன்று வருகிறது, வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் பயந்துபோய் என் முதுகைத் தடவுகிறாள்.

திரும்பிப் பார்த்தேன். வாசல் திரைச்சீலை விலகியே இருக்கிறது. கொட்டகை இன்னும் நிற்கிறது, தலையைக் குனிந்துகொண்டு. மாடி ஓட்டையில் நாகூர்கனியின் முகம். இவர்களை இப்படியே விட்டுவிட்டா போவது? இருட்டில் புழுங்கியது போதாதென்று செத்துப் போகாத என் மகளுக்காக நிற்கிறார்கள். பெண்கள் பக்கத்தில், இப்போது இடுப்பளவாகிவிட்ட சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி, காதில் தண்டட்டி ஆட என்னையே பார்க்கிறாள். அவள் ஒருத்திதான் தலை குனியவில்லை. "என்னய்யா ஆச்சு, போன உசுரா வந்த உசுரா, சொல்லிட்டுப் போய்யா" என்றாள். சொல்லாதீக என்று பேச்சி கையைப் பிடித்து இழுக்கிறாள். ஊரே கேட்கக் கத்துகிற என் தொண்டையில் காற்றுதான் வருகிறது. "பொம்பளப் புள்ளத்தா" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "தாயும் நல்லாருக்கா." கிழவி என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, கந்தப்ப வாத்தியாருக்கு இருந்திருக்கக்கூடிய குரலில், "பொம்பளப் புள்ளையாம்! தாயும் புள்ளையும் சொகமாம்!" என்று கத்திவிட்டாள்.

முதலில் ஒருத்தன் தட்டினான். அப்புறம் கேட்க வேண்டுமா. நின்றுகொண்டே தட்டுகிறார்கள், உட்கார்ந்து தட்டுவதற்கும் நின்று தட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம். தகரம் அதிர்கிறது, தூண் என் கைக்குள் அதிர்கிறது. குலவை மேல் குலவை. மாடியில் நாகூர்கனி பல்பையெல்லாம் போட்டுவிட்டார், சிவப்பும் பச்சையும் எரிகிறது, யார் சொன்னார்களோ கிளாரினெட்டும் கிளம்பிவிட்டது. ஜட்ஜும் அம்மாவும் காத்திருக்கட்டும். இது பேத்திக்கு. இது தேன்மொழிக்கும்தான், அவளுக்கும் பாக்கி இருக்கிறது. இவ்வளவு நேரம் ஆகியும் நிற்கவில்லையே, அப்படியானால் கொஞ்சம் எனக்கும் இருக்கும், எனக்குப் பால் கொடுத்தவளுக்கும், முகம் தெரியாத என் அம்மாவுக்கும். கண்ணில் வழிவதைத் துடைக்கத் தோன்றவில்லை. பேச்சி என் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு "தூ, தூ" என்று துப்பி, எல்லாரையும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றி நெட்டி முறிக்கிறாள், இத்தனை பேருக்கு அவள் பத்து விரல் போதாது. அவள் பயந்தது நடந்துவிட்டது, அத்தனை கண்ணும் எங்கள் மேல்தான் இருக்கிறது. பட்டுத் தொலையட்டும் என்று நான் அசையாமல் நிற்கிறேன்.